மூலையில் 'ஆர்' இல்லாத கபடி

விதி தெளிவாகவே இருக்கிறது. ஆட்டத்தில் இறங்கும் எந்த அணியோடும் ஊர் வழியிலோ உறவு வழியிலோ ஒட்டு உள்ளவர் அந்த ஆட்டத்துக்கு நடுவராக நிற்கக் கூடாது. இதை எழுதியவர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை என்று நினைக்கிறேன். திருமயத்துக்கும் எங்களுக்கும் நடுவில் கபடி விதி முழுதாகத் தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் என் பெரியப்பா, எங்கள் உயர்நிலைப் பள்ளியின் டிரில் மாஸ்டர். விதியை மீறக் கூடாது என்றால் விதி தெரியாத ஒருவரைத்தான் நடுவராகப் போட்டிருக்க வேண்டும். திருவிழாக் கமிட்டி விதியை மீறுவது என்று முடிவெடுத்தது. பின்னாளில் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து இதே மாதிரி முடிவுகளுக்கு நானே நயமாகக் குறிப்பு எழுதியிருக்கிறேன். விருப்ப ஓய்வில் வீட்டோடு இருக்கும் இந்த நேரத்தில் கமிட்டியைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது ஊருக்குக் கேபிள் வந்தது. நம் வயதுக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சைக்கிள் கடை மாடியில் கேசட் ஓட்டும் ஒரு டெக்கு, ஒரு டி.வி. அங்கிருந்து வேப்பமரம், மின்கம்பம், முருங்கை என்று எது நிமிர்ந்து நின்றதோ அதையெல்லாம் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போன கறுப்பு வயர். பொதுச் சாலையைக் கடந்து ஒரு கம்பி போவதற்கு யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று இன்றைக்குக் கேட்டால் வரிசையாகச் சொல்வேன். கேபிள்காரர் ஒருவரிடமும் வாங்கவில்லை. வீட்டுக்காரர்களிடம் மட்டும் கேட்டார். யார் வீட்டு மொட்டைமாடி மேல் வயர் போகிறதோ அந்த வீட்டுக்கு இணைப்பு இனாம் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். எங்கள் மாடி மேலாக மூன்று தெருவுக்கான வயர் போனது. பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான் எல்லாரும் ஒரே வீடு. பக்கத்து வீட்டுப் பெண்கள் சாயங்காலமானால் எங்கள் கூடத்தில்தான் இருப்பார்கள்.

முதலில் சினிமாக் கேசட்டுகள் ஓடின. பிறகு சைக்கிள் கடை மாடியில் டிஷ் குடை ஒன்று மல்லாந்து உட்கார்ந்தது. அதன் வழியே வெளிநாட்டு விளையாட்டுச் சேனல் வந்து இறங்கியது. இருபத்து நான்கு மணி நேரமும் விளையாட்டு என்றதும் ஊர் ஆவலோடு உட்கார்ந்தது. வந்தது கோல்ஃப். கையில் தடியோடு ஒருவர் புல்தரையில் மெல்ல நடக்கிறார். பின்னால் ஒரு கூட்டம் வாய் திறக்காமல் நடக்கிறது. அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்த பெரியம்மா, "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார்.

கார் ஓட்டினார்கள், பனியில் வழுக்கினார்கள், பச்சைத் துணி விரித்த மேசையில் உருண்டைகளைத் தள்ளினார்கள். இடையிடையே ஒருவர் ஆங்கிலத்தில் பதறினார். எதற்குப் பதறுகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. புரிந்தது கிரிக்கெட் ஒன்றுதான். அதற்கும் ஊர் முன்பே ஒரு பாடம் படித்திருந்தது. அரசுத் தொலைக்காட்சி மட்டும் இருந்த காலத்தில் ஒரே ஆட்டக்காரர் அடுத்தடுத்து இரண்டு முறை அவுட் ஆவதைப் பார்த்துக் குழம்பியவர்களுக்குப் பெரியப்பாதான் விளக்கம் சொன்னார். மூலையில் 'ஆர்' என்ற எழுத்து மினுக்கினால் அது நடந்து முடிந்ததைத் திருப்பிக் காட்டுவது, 'ஆர்' இல்லையென்றால் அது இப்போது நடப்பது. ஊர் அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டது. நல்ல விதியை ஊரார் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று அப்போது அவருக்கும் தெரியாது.

கோல்ஃப் பார்க்க ஆளில்லை என்று கண்டதும் கேபிள்காரர் சொந்தமாகவே ஒரு விளையாட்டுச் சேனல் தொடங்கிவிட்டார். சேனல் என்றால் ஒரு டெக்கும் ஒரு கேசட்டும்தான். ஒளிபரப்ப ஆட்டம் வேண்டுமே என்று தேடியபோது மாசி மகக் கபடிப் போட்டி வந்தது. கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர், தோளில் தூக்கி வைக்கிற கேமரா ஒன்று வைத்திருந்தார். அதுவரை கல்யாணம் மட்டுமே எடுத்தவர். கேபிள்காரர் அவரை மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

மைதானத்துக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. எழுதாத விதியைத்தான் எங்கள் ஊரில் ஒருவரும் மீறுவதில்லை. அப்பா வந்து சொல்லித்தான் எங்களுக்குச் செய்தி தெரிந்தது. பக்கத்து ஊர் அணியோடு இறுதி ஆட்டம். கடைசியாக எதிர்வீட்டு அண்ணன் 'கபடி கபடி' என்று பாடிப் போனபோது நாம் இரண்டு புள்ளி பின்னால். அவர் ஒருவனைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினார். ஒரு புள்ளி. ஒரு புள்ளியில் தோற்றுப்போனோம்.

அன்று யாரும் பெரியப்பாவைக் குறை சொல்லவில்லை. எதிர்வீட்டு அண்ணனே முழங்கையில் மஞ்சள் பற்றோடு வந்து, "ஒருத்தன்தாங்க சார் கெடச்சான். இன்னும் ரெண்டு பேரத் தொட்டிருந்தா கப்பு நமக்கு" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

கேமராக்காரர் கேசட்டை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டையில் ஒரு கல்யாண ஸ்டூடியோவுக்குப் போய் மிக்ஸிங் செய்தார், கேபிள்காரர் கையில் கொடுத்தார், லீவு முடிந்து விமானம் ஏறிவிட்டார். அவர் மேல் தவறில்லை. தெரிந்த தொழிலை ஒழுங்காகச் செய்திருந்தார். தொடக்கத்தில் பிள்ளையார், ரோஜாப்பூ மழை, இரண்டு அணிகளின் பெயரும் இரண்டு இதயங்களுக்குள். தாலி கட்டும் நேரத்தைக் கல்யாண வீடியோவில் எப்படிக் காட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு முறை நேராக. ஒரு முறை இடம் வலமாகத் திருப்பி. ஒரு முறை மல்லிகைச் சரத்துக்கு நடுவே, மெதுவாக. கபடியில் தாலிக்குச் சமமான நேரம் கடைசிப் பாட்டு என்று அவர் சரியாகவே கணித்திருந்தார்.

கல்யாண வீடியோவில் 'ஆர்' கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேனலில் ஆட்டம் ஓடியது. எங்கள் கூடம் நிறையப் பெண்கள். எதிர்வீட்டு அண்ணன் பாடிப் போனார். இடதுபுறம் நின்ற மஞ்சள் பனியன்காரன் தொடையைத் தொட்டார். சற்றைக்கெல்லாம் வலதுபுறம் நின்ற மஞ்சள் பனியன்காரன் தொடையைத் தொட்டார். அப்புறம் மல்லிகைப் பூக்களுக்கு நடுவில், தண்ணீருக்குள் நீந்துகிறவர் மாதிரி, இன்னொரு மஞ்சள் பனியனைத் தொட்டார். எதிர்வீட்டு அண்ணனின் அம்மா எழுந்து நின்று, "மூணு பேரு" என்றார். அதே நேரத்தில் மூன்று தெருவிலிருந்தும் ஒரு சத்தம் எழுந்தது. எல்லாரும் ஒரே வயரில் தொங்கிக்கொண்டிருந்ததால் ஒரே நொடியில் எழுந்த சத்தம். அது இப்போதும் என் காதில் இருக்கிறது.

நேரில் பார்த்தவர்களும் இருந்தார்களே என்று கேட்பீர்கள். இருந்தார்கள். அவர்கள் பார்த்தது புழுதியும் முன்னால் நின்றவன் பிடரியும். கேசட் அதைவிடத் தெளிவாக இருந்தது. ஒருவர் மட்டும் திருப்பிக் காட்டியிருப்பார்களோ என்று சந்தேகம் கிளப்பினார். "ஆர் இருந்துச்சா?" என்று கேட்டு அவரை உட்கார வைத்துவிட்டார்கள். நாம் ஒரு புள்ளியில் ஜெயித்த கோப்பையைச் சொந்த ஊர் நடுவரே பக்கத்து ஊருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்பது அன்று இரவுக்குள் முடிவாகிவிட்டது.

நேயர் விருப்பமாக அது தினமும் ஓடியது. கேபிள்காரருக்குப் புது இணைப்புகள் வந்தன. எதிர்வீட்டு அண்ணன் முதல் வாரம், எனக்கு ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது என்று கூச்சத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம், வேகத்தில் கவனிக்கவில்லை என்றார். டீக்கடையில் நாலு பேர் கேட்கக் கேட்க, மூன்றாவது ஆளின் தொடை வழுக்கியது வரைக்கும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். டி.வி. சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. கொடுத்த தீர்ப்பைப் பற்றி நடுவர் வெளியில் பேசக் கூடாது என்று ஒரு விதி உண்டு, அதைப் பிடித்துக்கொண்டார். கேசட்டையும் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் அவருக்கு விளங்கியிருக்கும். பார்த்தால் தன் கண்ணைத் தானே சந்தேகப்பட்டதாக ஆகும் என்று, ஏழு மணியானால் கண்மாய்க் கரைப் பக்கம் நடக்கப் போய்விடுவார். அப்பா பாதி வரை பார்ப்பார். தன் அண்ணனுக்கே எதிர்ச்சாட்சியாக உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும் போல, எழுந்து போய்விடுவார். நம் மாடி மேல் போகிற வயர்தானே, ஒரு வெட்டு வெட்டிவிட்டால் மூன்று தெருவும் இருட்டு என்று அம்மா ஒரு நாள் சொன்னார். முன்னறிவிப்பு இல்லாமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்றார் பெரியப்பா. அவர் மேல் வசை சுமந்துகொண்டு போன வயர் அவர் தலைக்கு மேலேயே ஆடிக்கொண்டிருந்தது.

சுற்றுவட்டாரத்தில் எந்தப் போட்டிக்கும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் கபடிச் சங்கத்துக்கு எழுதினார். நடுவர் ஒன்றைக் கண்டார், படம் மூன்றைக் காட்டுகிறது என்கிறார்கள். இரண்டில் எது ஆட்டம் என்று தெளிவுபடுத்த வேண்டும். நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பதில் வருகிறவரை விசிலைத் தொடுவதில்லை என்று சட்டை மாட்டும் ஆணியில் மாட்டிவிட்டார். பள்ளிக்கூடத்திலும் தொடவில்லை. அந்த வருடம் முழுக்க நாங்கள் கைதட்டலுக்கு ஓடினோம், கைதட்டலுக்கு நின்றோம். மனிதர் வாழ்வதே ஊதுவதற்குத்தான். ஆணியைக் கடக்கும்போதெல்லாம் அவர் கை மார்புப் பக்கம் போய், ஒன்றும் இல்லாமல் கீழே இறங்கும்.

பெரியம்மா மட்டும் கேசட்டை ஒரு நாள் விடாமல் பார்த்தார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "அந்தக் கருமத்த எதுக்குக்கா தெனமும் பாக்குறீக?" என்று கேட்டால், "அவரு வருவாருல்ல, பாத்துட்டு வாரேன்" என்பார். பெரியப்பா மேலுள்ள கோபத்தில் ஊரோடு சேர்ந்துகொண்டார் என்றுதான் அம்மாவும் நானும் நினைத்தோம். அது எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு என்று எனக்குப் புரிய நானும் ஒருவருக்குச் சட்டை துவைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பெரியப்பா நடுவராக நிற்கும்போது போடும் வெள்ளைக் கால்சட்டைக்குச் சொட்டு நீலம் போட்டு, கொடியில் உதறிக் காயப் போடுவது பெரியம்மா. அது கொடியில் தொங்கித்தான் அவர் பார்த்திருக்கிறார். அது ஓடுவதை, குனிவதை, கோட்டின் மேல் கண்ணாக நிற்பதை, கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அந்தக் கேசட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தார். ஊரே மஞ்சள் பனியனைப் பார்த்தபோது அவர் திரையின் ஓரத்தில் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் அவர் கண்ணில் அது பட்டது. ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இங்கிட்டுப் பாருங்கடி. அவரு வாட்ச்சு எந்தக் கையில இருக்கு?" என்றார்.

"வலது கையில" என்றது யாரோ.

"என்னைக்காவது வலது கையில கட்டி ஒருத்தி பாத்துருக்கீகளா?"

யாரும் பார்த்ததில்லை. அடுத்த காட்சியில், மல்லிகைக்கு நடுவில், வாட்ச் மறுபடி இடது கைக்கு வந்திருந்தது. ஒரு பாட்டுக்குள்ளே யாராவது வாட்சைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்களா என்று பெரியம்மா கேட்டார். ஆள் அனுப்பிக் கேபிள்காரரை வரவழைத்தோம். அவர் தலையைச் சொறிந்தார், டி.வி. பக்கத்தில் போய்க் குந்தினார். "கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பி விட்டுருக்கான்க்கா. நாஞ் சத்தியமா கவனிக்கல" என்றார். அவர் கவனிக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன். கவனிக்காமல் இருப்பதில் அவருக்கு நல்ல வரும்படி இருந்தது.

உண்மை வெளிப்பட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த வயதில் நம்பினேன். ஊர் என்ன செய்தது தெரியுமா? மூன்றில் ஒன்று கண்ணாடி என்றால் மிச்சம் இரண்டு. இரண்டு என்றால் ஆட்டம் சமம். அரிசி ஆலைக்காரரான கமிட்டித் தலைவர் நாலு பேரோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒங்களுக்கும் வேணாம், ஊருக்கும் வேணாம் சார். ரெண்டுன்னு வச்சுக்குவோம். ஒரு வார்த்த சொல்லுங்க, வாற மாசிக்கு நீங்கதான் ஊதுறீங்க."

பெரியப்பா அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னார். அப்புறம், "கபடி என்ன கத்திரிக்கா யாவாரமாங்க, நடுவுல ஒரு வெல பேசி முடிக்க?" என்றார். "பதில் வரட்டும்."

தலைவர் மோரைக் குடித்துவிட்டுப் போனார். எல்லாப் பக்கத்துக்கும் நல்லவராக இருக்க முயன்ற மனிதர். அந்த வகை ஆட்களிடம்தான் நான் பணிக்காலம் முழுக்க வேலை பார்த்தேன்.

கேபிள்காரர் தன் பங்குக்குப் பரிகாரம் செய்தார். படத்தின் மேல் எழுத்துப் போடும் கருவி ஒன்றை எங்கிருந்தோ கொண்டு வந்து, கேசட்டில் 'ஆர்' போட்டார். போடத் தெரிந்தது, எடுக்கத் தெரியவில்லை. ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே 'ஆர்' நின்றது. அப்படியானால் ஒன்றுகூடத் தொடவில்லையா என்று ஒருவர் டீக்கடையில் கேட்டார். பிறகு அந்தச் சேனலில் எது ஓடினாலும் மூலையில் 'ஆர்'. சினிமாப் பாட்டுக்கு, ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு, தேரோட்ட நேரடி ஒளிபரப்புக்கு. மரண அறிவிப்புக்கும் அதே 'ஆர்' வந்தபோது, எங்கள் ஊரில் எல்லாரும் இரண்டாம் தடவையாகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று அந்தச் சைக்கிள் கடை மாடி இல்லை. வயர் போய்ப் பெட்டி வந்தது, பெட்டி போய்ப் போன் வந்தது. திருவிழாக் கபடியைத் துபாயிலிருந்து எதிர்வீட்டு அண்ணனின் மகன் நேரலையாகப் பார்த்து, கீழே திட்டி எழுதுகிறான். பெரிய போட்டிகளில் சந்தேகம் வந்தால் நடுவர் காற்றில் சதுரம் வரைகிறார், ஆறு கோணத்தில் காட்டுகிறார்கள், ஊர் ஒப்புக்கொள்கிறது. எங்கள் ஊரில் இதெல்லாம் முன்பே நடந்தது. கோணம் மட்டும் ஒன்றுதான்.

மறு மாசி நெருங்கியது. சங்கத்திலிருந்து பதில் இல்லை. பக்கத்து ஊர் அணியிடமிருந்து தகவல் வந்தது. போன வருடம் ஊதிய அந்த சார் ஊதினால்தான் வருவார்களாம். சொந்த ஊருக்கு எதிராக ஒரு புள்ளியைச் சொல்லிவிட்டு நின்ற ஆள் அவர்தானாம், வேறு யாரையும் நம்ப மாட்டார்களாம். அவர்கள் வராவிட்டால் போட்டி இல்லை. தலைவர் மறுபடி வந்தார். இந்த முறை இரண்டு என்ற பேச்சே இல்லை. "நீங்க சொன்ன ஒன்னே இருக்கட்டும் சார்" என்றார்.

எதிர்வீட்டு அண்ணனும் கூட வந்திருந்தார். வாசற்படியிலேயே நின்றுகொண்டு, எனக்கு மூணாவது ஆளு மூஞ்சி எவ்வளவு யோசிச்சும் வரமாட்டேங்குது சார் என்றார். அது மன்னிப்பா தகவலா என்று தெரியவில்லை.

பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் எழுதிக் கேட்டுவிட்டு, பதில் வருமுன்னே தானாக முடிவெடுப்பது முறையில்லை என்றார். அவரை அறிந்த எங்களுக்கு அது முடிந்த பேச்சு. தலைவர் துண்டை உதறி எழுந்தார்.

அப்போது பெரியம்மா அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றார். வெளி ஆண்கள் முன்னால் அவர் பெரியப்பாவிடம் பேசி நான் கேட்டதில்லை.

"அவுக என்னைக்குப் பதில் போடுறாகளோ போடட்டும். நான் ஒங்கள டி.வி.யிலதான் பாத்துருக்கேன். அதுலயும் பாதி நேரம் கண்ணாடியில. நேர்ல ஒருவாட்டி பாக்கணும்."

பெரியப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்த விதியில் இதற்கு இடமிருக்கிறது என்று தேடினாரோ என்னவோ. பிறகு ஆணியிலிருந்து விசிலை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, வாயில் வைக்காமல் சட்டைப் பைக்குள் போட்டார். பெண்கள் உட்காரக் கிழக்குப் பக்கம் கயிறு கட்டி இடம் விட வேண்டும் என்று தலைவரிடம் சொன்னார். அது கோரிக்கை இல்லை, நிபந்தனை.

இப்படித்தான் அந்த மாசி மகத்தன்று எங்கள் தெருப் பெண்கள் முதல் தடவையாகக் கபடி மைதானத்துக்குப் போனோம். டி.வி.யில் தெரிந்ததைவிட மைதானம் சின்னதாக இருந்தது. மண்ணில் தண்ணீர் தெளித்த வாசனையும் சுண்ணாம்புக் கோட்டின் வாசனையும் எந்தச் சேனலிலும் வராதவை. பெரியப்பா வந்து நடுக்கோட்டில் நின்று எங்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தார். விசில் சத்தம் கேட்டதும் எங்கள் வகுப்புப் பையன்கள் எல்லாரும் அனிச்சையாக நிமிர்ந்து நின்றார்கள். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபோது, யாருக்கா ஜெயிச்சது என்று அம்மா கேட்டார். "அத யாரு பாத்தா?" என்றார் பெரியம்மா.

சங்கத்தின் பதில் பதிவுத் தபாலில் வந்தது. சம்பந்தப்பட்ட கேசட்டை அனுப்பி வைத்தால் பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. கேசட்டின் மேல் அதற்குள் கேபிள்காரர் தங்கையின் வளைகாப்பு ஏறியிருந்தது. பெரியப்பா கடிதத்தை ஒரு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார், கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. உறையைத் திருப்பிப் பார்த்தவள் நான். முதல் முறை கொண்டு வந்தபோது கொடுக்க முடியாமல் போன காரணத்தைத் தபால்காரர் பின்பக்கம் எழுதி, தேதி போட்டிருந்தார். வீடு பூட்டியிருந்தது. மாசி மகம்.